நெட்வொர்க் வழி இயங்கும் வர்ணனைப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரடி ஒளிபரப்புகளுக்கு வர்ணனை மேசை அமைத்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. நெட்வொர்க் வழி இயங்கும் பெட்டியை முதன்முறை கையில் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் மைக்கிலிருந்து குரல் வெளியே போகும் பாதையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை நிகழ்ச்சியைக் குலைக்கும் பழுதுகள் பெரும்பாலும் எதிர்த்திசையில், வர்ணனையாளரின் காதுக்கு வரும் பாதையில்தான் பிறக்கின்றன. அதனால் அந்தப் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

வர்ணனைப் பெட்டி எதற்கு? ஒரு சிறிய மிக்சரும் இரண்டு மைக்கும் போதாதா?

சத்தத்தைக் கலந்து அனுப்புவது மட்டுமே வேலை என்றால் மிக்சர் போதும். ஆனால் வர்ணனையாளரின் கண் ஆட்டத்தை விட்டு அகலாது. கை மட்டும் மேசையில் தடவிப் பொத்தானைத் தேடும். அந்தக் கைக்காகவே செய்யப்பட்ட கருவி இது. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு மைக் உள்ளீடு, ஒரு ஹெட்ஃபோன் வெளியீடு, மைக்கைத் திறக்கும் பெரிய விளக்குப் பொத்தான், இருமல் பொத்தான், தயாரிப்பாளரிடம் தனியே பேசுவதற்கு ஒன்றிரண்டு டாக்பேக் பொத்தான்கள், காதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் சில குமிழ்கள் இருக்கும். பொதுவாக ஒரு பெட்டியில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை அமரலாம். மைக்கின் அளவை வர்ணனையாளர் கை வைக்க முடியாத இடத்தில், பின்புறத்திலோ கணினியிலோ வைத்திருப்பார்கள். அது மிகச் சரியான முடிவு.

பழைய முறையிலிருந்து நெட்வொர்க் முறை எதில் வேறுபடுகிறது?

முன்பு ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டும். இரண்டு மைக், நிகழ்ச்சிச் சத்தம், மைதானச் சத்தம், இரண்டு டாக்பேக் என்று சேர்ந்தால் தடித்த பன்முகக் கேபிள் ஒன்று மாடிப்படிகளில் ஏறிப் போகும். இப்போது அத்தனையும் ஒரே ஈதர்நெட் கேபிளில், இரு திசையிலும் போகின்றன. செப்புக் கேபிள் என்றால் 100 மீட்டர் வரை. அதற்கு மேல் தூரம் இருந்தால் இடையில் கண்ணாடி இழை போட வேண்டும்.

ஒரு சேனல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சத்தத்தை விநாடிக்கு 48,000 முறை அளந்து எடுக்கும் மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட் என்றால் 1.152 மெகாபிட். சத்தத்தைத் துண்டு துண்டாக ஏற்றிச் செல்லும் பாக்கெட்டின் தலைப்புகளையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். ஜிகாபிட் இணைப்பில் வர்ணனைக்கு இடப் பற்றாக்குறை வரவே வராது. சிக்கல் எப்போதும் நேரத்தில்தான் வரும்: பாக்கெட் வந்து சேர்ந்தாலும் தாமதமாக வந்தால் பயனில்லை.

டான்டே, ஏஇஎஸ்67 என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

டான்டே என்பது ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய முழுமையான அமைப்பு. கருவிகள் ஒன்றையொன்று தாமாகவே கண்டுகொள்ளும். கணினியில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் இணைப்பு விழுந்துவிடும். ஏஇஎஸ்67 என்பது 2013இல் வெளியான பொதுத் தரநிலை. வெவ்வேறு குடும்பத்துக் கருவிகள் சத்தத்தைப் பரிமாறிக்கொள்வதற்கான குறைந்தபட்ச ஒப்பந்தம் என்று அதைச் சொல்லலாம். கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதற்கு இன்ன வழிதான் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. அதனால் கைவேலை கூடும். காட்சி, ஒலி இரண்டையும் ஐபி வழி கொண்டுபோகும் 2110 தரநிலையின் ஒலிப் பகுதியும் ஏஇஎஸ்67ஐ அடித்தளமாகக் கொண்டதுதான்.

வர்ணனை மேசை முதல் ஒளிபரப்பு வாகனம் வரை எல்லாமே டான்டே என்றால் டான்டேயிலேயே இருந்துவிடுங்கள். வாகனத்தில் வேறு குடும்பத்துக் கருவி இருந்தால், அந்த எல்லையில் மட்டும் ஏஇஎஸ்67ஐத் திறந்தால் போதும். டான்டே கருவி ஏஇஎஸ்67 முறையில் மல்ட்டிகாஸ்ட்டாக, அதாவது ஒரே பாக்கெட் பலருக்கும் போய்ச் சேரும்படி மட்டுமே அனுப்பும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த கேள்விக்கான விடை அப்போதுதான் உயிர்நாடியாகிறது.

எந்த ஸ்விட்ச் வாங்குவது? அதில் என்ன மாற்ற வேண்டும்?

ஸ்விட்ச் என்பது நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் கருவி. அமைப்புகளை மாற்ற இடம் தரும் ஜிகாபிட் ஸ்விட்ச் வேண்டும். முதலில் மின்சிக்கன ஈதர்நெட் என்ற வசதியை எல்லாப் போர்ட்டிலும் அணைத்துவிடுங்கள். போக்குவரத்து இல்லாத நொடிகளில் இணைப்பைத் தூங்கவைத்து எழுப்பும் வசதி அது. கருவிகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்காகப் பரிமாறிக்கொள்ளும் கடிகாரச் செய்திகளின் நேரத்தை அது கலைத்துவிடும்.

அடுத்து முன்னுரிமை. கடிகாரச் செய்தி முதலில், ஒலி அதற்குப் பின், மற்றவை கடைசியில் என்ற வரிசையை ஸ்விட்ச் மதிக்க வேண்டும். டான்டே தன் கடிகாரத்துக்கு 56 என்ற எண்ணையும் ஒலிக்கு 46 என்ற எண்ணையும் பாக்கெட்டில் குறிக்கிறது. ஏஇஎஸ்67இல் வழக்கமாகக் கடிகாரத்துக்கு 46, ஒலிக்கு 34. அதாவது ஒரு பக்கத்தில் ஒலியைக் குறிக்கும் 46 மறுபக்கத்தில் கடிகாரத்தைக் குறிக்கிறது. இரண்டும் ஒரே ஸ்விட்சில் ஓடினால் யாருக்கு முதல் இடம் என்பதை நீங்கள் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

மூன்றாவது ஐஜிஎம்பி. மல்ட்டிகாஸ்ட் சத்தத்தை, வேண்டும் என்று கேட்டவருக்கு மட்டும் அனுப்பும்படி ஸ்விட்சைப் பழக்கும் முறை இது. இது இல்லாவிட்டால் எல்லாச் சத்தமும் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். 100 மெகாபிட் போர்ட் மட்டுமே உள்ள சிறிய வர்ணனைப் பெட்டிகள் அந்த வெள்ளத்தில் திணறும். ஆனால் இந்த வசதியை இயக்கிவிட்டு, “யாருக்கு இன்னும் வேண்டும்?” என்று அவ்வப்போது விசாரிக்கும் க்வெரியரை நியமிக்க மறந்தால் கதை வேறு மாதிரிப் போகும்.

அப்படி ஒரு மாலையை நானே பார்த்திருக்கிறேன். இணைப்பு கொடுத்தோம், குரல் தெளிவாக வந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. கேபிளைப் பிடுங்கிச் செருகினோம், வந்தது. மறுபடியும் நான்கரை நிமிடம்கூட ஆகவில்லை, நின்றது. மூன்றாம் முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். 260 விநாடி. நெறிமுறையின் இயல்பு மதிப்புகளைக் கூட்டினால் வரும் எண் அது: 125 விநாடிக்கு ஒருமுறை நடக்கும் விசாரணை இரண்டு, பதிலுக்கு 10 விநாடி. விசாரிக்க ஆள் இல்லாததால், கேட்டவர் போய்விட்டார் என்று ஸ்விட்ச் கணக்கை முடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஸ்விட்சில் க்வெரியரை இயக்கியதும் அன்று இரவு முழுக்கச் சத்தம் நிற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குக் குறைவான சோதனையை அன்றிலிருந்து நான் சோதனையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கடிகாரம், கடிகாரம் என்கிறீர்களே. சத்தத்துக்கும் கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு?

பெட்டி விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கிறது. வாகனத்தில் உள்ள மிக்சரும் 48,000தான் எதிர்பார்க்கிறது. இரண்டும் தமக்குள்ளே நேரத்தை அளக்கும் படிகத்தை மட்டும் நம்பினால், ஒன்று மற்றொன்றைவிட இம்மி வேகமாக ஓடும். மாதிரிகள் கூடியோ குறைந்தோ போய், இடையிடையே ‘டிக்’ என்று கேட்கும். அதைத் தவிர்க்கத்தான் பிடிபி என்ற நேர நெறிமுறை. நெட்வொர்க்கில் ஒரு கருவி தலைமைக் கடிகாரமாகிறது. மற்றவை அதைப் பின்பற்றுகின்றன.

டான்டே இயல்பாகப் பயன்படுத்துவது பிடிபியின் முதல் பதிப்பு. ஏஇஎஸ்67க்கு வேண்டியது 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஏஇஎஸ்67 முறையை இயக்கிய டான்டே கருவி நடுவில் நின்று இரண்டையும் இணைக்கும்.

தலைமை யார் என்பதைக் கருவிகள் தமக்குள் நடத்தும் தேர்தலுக்கு விட்டுவிடாதீர்கள். நாள் முழுவதும் அணைக்கப்படாத, எவரும் தொடாத ஒரு கருவிக்கு முன்னுரிமை கொடுத்து வையுங்கள். வர்ணனைப் பெட்டிக்கு மட்டும் அந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். மேசையை நகர்த்தும்போது யாராவது அதன் கேபிளைப் பிடுங்குவார்கள். தலைமை கைமாறும் நொடியில் எல்லோருக்கும் சத்தம் வெட்டலாம்.

பெட்டிக்கு மின்சாரம் எப்படிக் கொடுப்பது?

பெரும்பாலான பெட்டிகள் ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 2003ஆம் ஆண்டின் தரநிலைப்படி ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். நீளமான கேபிளின் முடிவில் கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும். ஸ்விட்சின் மொத்த வாட் அளவையும் பாருங்கள்: எட்டுப் போர்ட் இருந்தாலும் எட்டுக்கும் முழு மின்சாரம் தராத ஸ்விட்ச்கள் உண்டு. பெட்டியில் தனி அடாப்டருக்கு இடம் இருந்தால் அதையும் செருகி வையுங்கள். ஸ்விட்சைத் தடையில்லா மின்கலத்தில் இணைப்பது கட்டாயம்.

மைக் அளவை எவ்வளவு வைப்பது?

“ஒன்று, இரண்டு, மூன்று” என்று வர்ணனையாளர் சொல்வதைக் கேட்டு வைக்காதீர்கள். அது சோதனைக் குரல். ஆட்டத்தின் குரல் வேறு. கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால் எப்படிக் கத்துவாரோ அப்படிக் கத்தச் சொல்லுங்கள். வெட்கப்படுவார், பரவாயில்லை, இரண்டாம் முறை கேட்டால் கத்திவிடுவார். அந்தக் கத்தலிலும் மைக் முன்பெருக்கி தன் எல்லையைத் தாண்டாதபடி அளவை வைத்துவிட்டு, சாதாரணப் பேச்சு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டிஜிட்டலின் உச்சத்தை 0 என்று வைத்தால், ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் வழக்கப்படி ஒத்திசைவு அளவு −18 டெசிபெல், உச்ச அளவு −9 டெசிபெல். 24 பிட்டில் கீழே நிறைய இடம் இருக்கிறது, கொஞ்சம் குறைவாக வைப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. அளவு மீறும் குரலை அடக்கும் லிமிட்டர் இருந்தால் இயக்குங்கள், ஆனால் அது எப்போதாவது தொடவேண்டிய காவல் மட்டுமே.

ஹெட்செட்டில் டைனமிக் மைக்கா, கண்டென்சர் மைக்கா என்று முதலிலேயே பாருங்கள். கண்டென்சருக்குப் பெட்டி மைக் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் வேண்டும், டைனமிக்குக்கு வேண்டாம். மேலுதட்டில் அணைத்துப் பிடிக்கும் ரிப்பன் வகை லிப் மைக்கைப் பயன்படுத்தினால் 48 வோல்ட்டை அணைத்தே வையுங்கள். கேபிளில் ஒரு பழுது இருந்தால் அந்த மெல்லிய ரிப்பன் கெட்டுவிடும்.

வர்ணனையாளரின் காதில் என்னென்ன கேட்க வேண்டும்?

இந்தக் கேள்வியை நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும். அவராகக் கேட்க மாட்டார். நான்கு சத்தங்கள் வேண்டும்: தன் குரல், பக்கத்து இருக்கைக் குரல், மைதானச் சத்தமும் நிகழ்ச்சியும், தயாரிப்பாளரின் டாக்பேக். பலர் டாக்பேக்கை ஒரு காதிலும் மற்றவற்றை மறு காதிலும் விரும்புவார்கள். எந்தக் காது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் அமர்வதற்கு முன்பே அப்படி வைத்திருந்தால், அந்த ஒரு காரியத்தாலேயே உங்களை நம்பத் தொடங்கிவிடுவார்.

தன் குரல் பெட்டிக்குள்ளேயே திரும்பிக் காதுக்கு வர வேண்டும். அதைச் சைடுடோன் என்பார்கள். வாகனம் வரை போய்த் திரும்பி வரும் குரலைக் கொடுக்கவே கூடாது. மூடிய ஹெட்செட்டில் தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடும். சற்றுப் பிந்தி வரும் அதே குரல் அதோடு மோதி, சில அலைவரிசைகளை அழிக்கும். ஒரு மில்லிவிநாடி பிந்தினால் முதல் பள்ளம் 500 ஹெர்ட்ஸில் விழும். குழாய்க்குள் பேசுவதுபோல் இருக்கும். தாமதம் 200 மில்லிவிநாடியை நெருங்கினால் பேச்சே தடுமாறும். எவ்வளவு தேர்ந்த வர்ணனையாளராலும் அதைத் தாண்டிப் பேச முடியாது.

ஒருமுறை அதைக் கண்ணெதிரே பார்த்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், ஒளிபரப்பு தொடங்கிய கணத்தில் சொற்களை இழுக்க ஆரம்பித்தார். கை ஹெட்செட்டின் வலப்பக்கத்தைக் கழற்றிக் கன்னத்தில் தள்ளியது. பதற்றம் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். அவருடைய ஹெட்செட்டை வாங்கி என் காதில் வைத்த பிறகுதான் புரிந்தது. மறுமுனையிலிருந்த கட்டுப்பாட்டு அறை, அவருடைய குரலையும் சேர்த்து முழு நிகழ்ச்சியையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனை நேரத்தில் அவர்கள் அவருடைய ஃபேடரை, அதாவது மிக்சரில் அவர் குரலை ஏற்றி இறக்கும் கட்டையை, திறக்கவில்லை. அதனால் எங்களுக்கு அது தெரியவில்லை. செயற்கைக்கோள் வழி என்றால் மேலே போய்க் கீழே வரவே சுமார் கால் விநாடி. தன் குரலே தன்னைத் துரத்த, அந்த மனிதர் பன்னிரண்டு நிமிடம் பேசினார். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் திரும்பி வரும் சத்தம் எப்போதும் ‘மிக்ஸ் மைனஸ்’ஆக இருக்க வேண்டும்: எல்லாம் இருக்கும், அவர் குரல் மட்டும் இருக்காது. இரண்டு வர்ணனை மேசைகள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி மைனஸ் வேண்டும். சோதிக்கும்போது மறுமுனையில் ஃபேடரைத் திறக்கச் சொல்லி, நீங்களே மைக்கில் பேசிக் கேளுங்கள். “அனுப்பியாயிற்று” என்ற வார்த்தையை நம்பி எழுந்துவிடாதீர்கள்.

இருமல் பொத்தானுக்கும் மைக் பொத்தானுக்கும் என்ன வித்தியாசம்?

மைக் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் திறக்கும், மறுமுறை அழுத்தினால் மூடும். இருமல் பொத்தான் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் குரலை அடைக்கும். விரலை எடுத்ததும் தானாகத் திறந்துகொள்ளும். இருமும் மனிதர் மறுபடியும் மைக்கைத் திறக்க நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. டாக்பேக் பொத்தானும் அப்படித்தான்: அழுத்தியிருக்கும்வரை ஒளிபரப்புப் பாதை அடைபட்டு, குரல் தயாரிப்பாளருக்கு மட்டும் போகும். இந்த அடைப்பு நடக்கிறதா என்பதை, மறுமுனையில் ஒருவர் ஒளிபரப்புச் சேனலைக் கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொரு இருக்கையிலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

தாமத மதிப்பை, அதாவது பெறும் கருவி பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை, எவ்வளவு வைப்பது?

ஒன்றிரண்டு ஸ்விட்ச் மட்டும் இருந்தால் 1 மில்லிவிநாடி போதும். பெரிய அரங்கில் பல ஸ்விட்ச்களைத் தாண்டினால் 2 அல்லது 5. சைடுடோன் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் 5 வைத்தாலும் வர்ணனையாளருக்குத் தெரியாது. குறைந்த எண்ணில் பெருமை தேட வேண்டாம்.

மைதானத்திலிருந்து வேறு ஊர் ஸ்டுடியோவுக்கு இணையம் வழியாக அப்படியே அனுப்பலாமா?

கூடாது. இதுவரை சொன்ன நெட்வொர்க் ஒலி, ஒரே கட்டுப்பாட்டில் உள்ள உள்ளூர் வலைக்காகப் பிறந்தது. பொது இணையத்தில் பாக்கெட்டுகள் தாறுமாறான இடைவெளியில் வரும், சில வராமலே போகும். அங்கே சத்தத்தைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் கோடெக் வேண்டும். 2012இல் தரநிலையான ஓபஸ் முறை இன்று பரவலாக இருக்கிறது: குறைந்த பிட்டில் நல்ல தரம், தாமதமும் குறைவு, தொலைந்த பாக்கெட்டைச் சமாளிக்கும் வழியும் உண்டு. சில வர்ணனைப் பெட்டிகளில் கோடெக் உள்ளேயே இருக்கும். எஸ்ஐபி வழியாகத் தொலைபேசிபோல் அழைத்துப் பேசலாம். பெறும் முனையில் இடையகத்தை, அதாவது பாக்கெட் காத்திருக்கும் நேரத்தை, தாராளமாக வையுங்கள். வர்ணனை மட்டும் ஒரு பாதையிலும் படம் வேறு பாதையிலும் போனால், இரண்டையும் ஸ்டுடியோவில் ஒரு கைதட்டலை வைத்து ஒத்திசைக்க வேண்டும்.

வைஃபை? ஒலிக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரு கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

இரண்டு போர்ட் உள்ள பெட்டியில் முதன்மை, துணை என இரண்டு தனி நெட்வொர்க்குகளை அமைக்கலாம். ஒரே சத்தம் இரண்டு வழியிலும் போகும். ஒன்று அறுந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. இரண்டு வழிக்கும் இரண்டு தனி ஸ்விட்ச், இரண்டு தனி மின் இணைப்பு, முடிந்தால் இரண்டு வேறு கேபிள் பாதைகள் வேண்டும். ஒரே குழாய்க்குள் இரண்டையும் இழுத்தால், ஒரே வெட்டில் இரண்டும் போகும். துணைக் கேபிளை முதன்மை ஸ்விட்சில் தவறிச் செருகுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் வெவ்வேறு நிறக் கேபிள் வாங்குங்கள்.

பல பெட்டிகளில் சாதாரண அனலாக் வெளியீடும் இருக்கும். அதிலிருந்து ஒரு தனிக் கம்பியை வாகனத்துக்கு இழுத்து வைப்பது என் வழக்கம். இன்றுவரை நான்கு முறை அது காப்பாற்றியிருக்கிறது.

சத்தம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மனிதரிடமிருந்து. மைக் பொத்தான் விளக்கு எரிகிறதா, ஹெட்செட் பிளக் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? பிறகு பெட்டியின் அளவுமானி அசைகிறதா? அசைந்தால் மைக் நலம்; இனிப் பழுது நெட்வொர்க்கில். போர்ட் விளக்கு, பிறகு ஐபி முகவரி. 169.254 என்று தொடங்கும் முகவரி பெட்டி தானாக எடுத்துக்கொண்டது. எல்லாக் கருவிகளும் அப்படியே இருந்தால் தவறில்லை, இது ஒன்று மட்டும் அப்படி இருந்தால் அதுதான் காரணம். அடுத்து கடிகாரம் பூட்டியிருக்கிறதா, கடைசியாக இணைப்புக் கட்டத்தில் குறி விழுந்திருக்கிறதா. இடையிடையே ‘டிக்’ கேட்டால் கடிகாரத்தையும் மின்சிக்கன வசதியையும் முதலில் சந்தேகியுங்கள். சத்தம் தொடங்கிச் சில நிமிடத்தில் நின்றால் க்வெரியர்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் மூன்றை மாற்றி, சரியான பிறகு எது காரணம் என்று தெரியாமல் இரவு முழுக்கப் பயந்துகொண்டே இருந்த அணிகளை அறிவேன்.

ஒளிபரப்பு தொடங்கும் முன் கடைசியாக என்ன செய்வீர்கள்?

எல்லோரும் போன பிறகு வர்ணனையாளரின் நாற்காலியில் நானே உட்காருவேன். ஹெட்செட்டை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு இருமல் பொத்தானைத் தேடுவேன். விரல் நேராக அதன்மேல் போய் உட்காராவிட்டால் பெட்டியைச் சற்றுத் திருப்பி வைத்து, மேசையோடு ஒட்டுப்பட்டை போடுவேன். குமிழ்களுக்குக் கீழே ‘நிகழ்ச்சி’, ‘தயாரிப்பாளர்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவேன். மாற்று ஹெட்செட் ஒன்றைப் பெட்டியின் இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில், பிளக் வெளியே தெரியும்படி வைத்துவிட்டு எழுந்து வருவேன்.